இரண்டாவது மிதவை

பத்தூமியில் மழை கடைசியாக எப்போது நின்றது என்று கேட்டால்
யாரும் யோசிக்காமல் பதில் சொல்ல மாட்டார்கள்.
நின்றிருக்கிறது, சில முறை.

காலை ஆறே கால். பொங்கி வழிந்த காப்பியை
அடுப்பிலிருந்து துடைத்துவிட்டு உட்காருகிறேன்.
பதினோராவது அத்தியாயம்.
கப்பல் சமையற்காரன் ஒத்தார், வயது ஐம்பத்திரண்டு,
மனைவி இருக்கும் வீட்டுக் கதவுக்கு வெளியே
ஒன்பது நாளாக நிற்கிறான்.
கையில் ஒரு பை. பையில் என்ன என்பது
எனக்கே இன்னும் தெரியாது.
கதவைத் திறந்து உள்ளே வந்தான்:
நான்கு சொல்லில் முடிகிற காரியம்தான்.
எழுதினேன், அடித்தேன்.
அப்படி வருகிறவன் வேறு யாரோ.

படியிறங்கும்போதெல்லாம் மாமுக்கா கேட்பார்,
"இனேசா, இன்னும் எத்தனை பக்கம்?"
டாக்ஸி ஓட்டுகிறவர், அவருக்கு எல்லாம் தூரக் கணக்கு.
"வந்த வழியே திரும்பிக்கொண்டிருக்கிறேன்."
"அதற்கும் மீட்டர் ஓடும்" என்றார்.

குளிர்பெட்டிக் கதவில் ஒரு சீட்டு, ஜனவரியில் ஒட்டியது:
நாவலை முடிப்பது.
சிகரெட்டை விடுவது (விட்டேன், இரண்டு முறை).
அக்டோபருக்குள் இரண்டாவது மிதவை வரை நீந்துவது.
கீழே மகள் கேத்தோவின் கையெழுத்தில்,
விடுமுறைக்கு வந்தபோது சேர்த்த ஒரே சொல்:
பல்வைத்தியர்.

மதியம் ரேடியோவைத் திருகினால்
எல்லைக்கு அந்தப் பக்கத்துத் துருக்கி நிலையம் கிடைக்கும்.
வானிலை அறிக்கை கேட்டே
இரண்டு வருடமாக அந்த மொழியைப் படிக்கிறேன்.
மழைக்கு ஐந்து சொல் தெரியும், காற்றுக்கு நான்கு.
பசிக்கிறது என்று சொல்லத் தெரியாது.
போன மாதம் சந்தையில்
ஹோபாவிலிருந்து கொட்டை விற்க வந்தவரிடம்
பேசிப் பார்த்தேன்:
"கடலோரப் பகுதிகளுக்குப் பலத்த காற்று எச்சரிக்கை."
அவர் வானத்தைப் பார்த்தார்.
கடையைக் கட்டத் தொடங்கினார்.

எழுதுகிற மாதங்களில் பிறர் நாவலைத் தொடுவதில்லை.
பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனை
என் சட்டியில் ஏறிவிடும்.
அதனால் படுக்கையில் தேனீக்களின் நோய்கள் பற்றி
ஒரு தடித்த புத்தகம், எடைக்கு வாங்கியது.
என்னிடம் தேனீ கிடையாது.
நூற்று நாற்பதாம் பக்கத்தின் ஓரத்தில்
முன்பு வைத்திருந்த யாரோ பென்சிலால் எழுதியிருக்கிறார்:
ஐந்தாவது பெட்டியும்.
அந்த ஒரு 'உம்'மில்
அன்றிரவுத் தூக்கம் போயிற்று.

நேற்று பத்தாம் நாள்.
தண்ணீர் மீட்டர் பார்க்கிற பெண் மணியடித்தாள்.
திறந்தேன். அவள் உடனே வரவில்லை.
என்னையும் பார்க்கவில்லை.
கூரையைப் பார்த்தாள்,
அங்கே ஈரம் வரைந்துவைத்திருக்கும் பெயரில்லாத தேசத்தை.
சொட்டும் குடையை எங்கே சாய்ப்பது என்று
தரையெல்லாம் தேடினாள்.
"இந்த வீட்டில் யாரும் மேலே பார்ப்பதில்லையா?"
எண்ணைக் குறித்துக்கொண்டு போய்விட்டாள்.

கதவைச் சாத்தக்கூட இல்லை, மேஜைக்கு ஓடினேன்.
ஒத்தார் குனிந்து பையைக் கீழே வைக்கிறான்.
மனைவியைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கிறான்.
"ஒழுகுகிறதே" என்கிறான்,
ஏழு வருடத்துக்குப் பிறகு.
"வாளி வைத்திருக்கிறேன்" என்கிறாள் அவள்.
உள்ளே வந்துவிட்டான்.

பையில் என்ன என்பது
பன்னிரண்டாம் அத்தியாயத்தின் தலைவலி.

சாயங்காலம் கூழாங்கல் கரையில் செருப்பைக் கழற்றினேன்.
காதில் மஞ்சள் வில்லை குத்திய தெருநாய் ஒன்று
என் துண்டின் மேல் படுத்துக்கொண்டது,
காவலா, உரிமையா தெரியவில்லை.
முதல் மிதவையைத் தொட்டேன்; பாசி, கை வழுக்கியது.
இரண்டாவது அப்பால் ஏறி இறங்கியது,
நான் இன்று வேலை செய்தவள் என்பதெல்லாம் அறியாமல்.
மழை பிடித்தது. ஐந்தில் மூன்றாவது வகை.
மூச்சு இருந்தது, போயிருக்கலாம்.
துண்டு நனையுமே என்று திரும்பினேன்.
நாய் அதற்குள் நனைத்துவிட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சீட்டின் முன் நின்றேன்.
எதையும் அடிக்கவில்லை.
பல்வைத்தியருக்கு மட்டும் போன் செய்தேன்.
வியாழக்கிழமை, ஒன்பதரை மணி.