அச்சில் தங்கிய துளை

கிச்சனரில், ரயில்பாதை ஓரம், ஒரு தகரக் கொட்டகை.
செத்த பிரிண்டர்களைத் திறப்பது என் வேலை.
எல்லாவற்றுக்கும் இடதுமூலையில் ஒரு துளை,
சுண்டுவிரல் நுனி போகும்.
வேறெதுவும் அதன் வழியே போவதில்லை.

முந்திய மாடலில் ஒரு கம்பி போனது.
கம்பியைக் காற்றலை தின்றது.
துளை மட்டும் வார்ப்பச்சில் தங்கிவிட்டது.
புது அச்சென்றால் நாற்பதாயிரம் டாலர்,
துளையென்றால் சும்மா.

திமிங்கிலத்தின் கொழுப்புக்குள்ளே
காலில்லாத இடுப்பெலும்பு.
மூன்றாம் ஆண்டில் அதை வரைந்து பாகம் குறித்து
பத்துக்கு எட்டு வாங்கினேன்.
அந்த விலங்கியல் பட்டம்
இந்த நாட்டில் என்னோடு கூடவே திரிகிறது,
உடம்புக்குள், வெளியே தெரியாமல்.

மார்லீன் காலையில் பலகையில் செம்பின் விலை எழுதுவாள்.
அதுதான் எங்கள் வானிலை.
ஏறினால் சின்ன மோட்டாருக்கும் மரியாதை,
ஓட்டை உடைத்து நரம்பு நரம்பாக உருவுவோம்.
இறங்கினால் மூடியபடியே அரவைக்கு.
நேற்றைவிட அந்த மோட்டார் மோசமாகிவிடவில்லை.
வானம் மாறியது.

மார்ச்சில் ஒரு இயந்திரக் கை வந்தது.
அதைப் பழக்க ஷான்ட்ஸ் என்றொரு பெடியன்.
"வலியது வெல்லும், தெரியும்தானே" என்றான்.
புத்தகத்தில் அப்படி இல்லை, தம்பி.
தக்கது பிழைக்கும்.
எதற்குத் தக்கது என்று
முன்கூட்டி யாரும் சொல்வதில்லை.

கைக்குப் பிடி கிடைக்கவில்லை.
பிளாஸ்டிக் வழவழப்பு. பதினோரு நாள் நழுவியது.
விரலின் கோணத்தைத் துளித் துளியாக மாற்றி
இருநூறு விதமாகத் தவறவிட்டான்.
இருநூற்றுச் சொச்சத்தில் ஒன்று
தற்செயலாய் அந்தத் துளைக்குள் போய்க்
கொளுவிக்கொண்டது.

பிறகு மணிக்கு அறுபது பிரிண்டர்.
ஆறு பேரில் நால்வரை வெள்ளிக்கிழமை அனுப்பினார்கள்.
டெஸ்ஃபாய் தன் திருப்புளியை என்னிடம் தந்துவிட்டுப் போனான்,
காந்த முனை, பிடியில் நீல டேப்.
இப்போது குவெல்ஃபில் கோழி ஆலையில் என்று கேள்வி.
அவன் என்னைவிட வேகம்.

எனக்கு ஃபாக்ஸ் மெஷின்கள் இருந்தன.
உலகம் கைவிட்ட பிறகும் டாக்டர்கள் அதை விடவில்லை,
தீவில் ஒதுங்கிய பறக்காத பறவைபோல்
கிளினிக்குகளில் கொழுத்துக் கிடந்தது.
அதற்குத் துளை இல்லை. கை அதைத் தொடாது.
என் தகுதி அவ்வளவுதான்.

வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்போம்.
வல்லான் செத்த பிறகும்
தண்ணீர் அந்த வழியேதான் போகும்
என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டோம்.

இன்று காலை, கடையில் விற்காமல் திரும்பிய
புது மாடல் ஒரு லாரி நிறைய.
யாரோ, எங்கோ, ஒருவழியாக
அந்த நாற்பதாயிரத்தைச் செலவழித்திருக்கிறார்கள்.
கை இடதுமூலையைத் தடவியது.
திரும்பவும் தடவியது.
மூன்றாம் முறை சிவப்பு விளக்கு.

"யோகா!" என்றாள் மார்லீன்.
நாயகியை அவள் என்றைக்கோ உதிர்த்துவிட்டாள்.
டெஸ்ஃபாயின் திருப்புளியோடு போனேன்.
மூடியைக் கழற்றி உட்புறத்தை விரலால் தொட்டேன்.
அடைத்த இடத்தில் ஒரு சின்ன வளையம்,
தொப்புள் மாதிரி.

வியாழனுக்குள் சரிபண்ணிவிடுவானாம் ஷான்ட்ஸ்.
இன்று செவ்வாய்.