பகல் நேரச் சலுகை

நீகாட்டாவில் ஒற்றை ஆள் கரோக்கே அறை.
அரிசி பிஸ்கட் ஆலையில் இரவு வேலை முடித்து
சிசுரு நேரே வந்துவிட்டாள்.
ரப்பர் கையுறை வாசம்
விரலை விட்டுப் போகவில்லை.

'நாளை' என்ற சொல் பதினோரு முறை வரும் பாட்டு.
இருபத்து மூன்றில் தொண்டை கிழியக் கத்தியது.
அந்த நாளைகளில் பல வந்துபோயின;
ஒன்று, விவாகரத்துத் தாளோடு.

சுருதியைக் குறைக்கிறாள்.
ஒரு கட்டை.
யாரும் பார்க்கவில்லை, இன்னொரு கட்டை.

கடைசிப் பல்லவிக்கு முன்
பாட்டு சொல்லாமல் அரைக்கட்டை ஏறும்.
மறந்தே போயிருந்தாள்!
பிடிக்க எட்டி, குரல் பிசிறி,
சிரித்துக்கொண்டே
பின்னால் ஓடி ஏறிக்கொண்டாள்,
நகரும் பேருந்தில் ஏறுவதுபோல.

மதிப்பெண் எழுபத்தொன்று.
மெலன் சோடாவில் ஐஸ் கரைந்திருக்கிறது.
ஒன்பது நிமிடம் மிச்சம்.
அதே எண்ணை அழுத்துகிறாள்,
இம்முறை
ஒரே ஒரு கட்டை கீழே.