குடும்பம் வரை

புளியரைச் சோதனைச் சாவடியில்
கோழி லாரிகளின் சக்கரத்துக்கு
மருந்தடிப்பது என் வேலை.
அந்தப் பக்கத்துக் காய்ச்சல் இந்தப் பக்கம் வந்துவிடக் கூடாது.
டயருக்கு நாலு வீச்சு, மட்கார்டுக்கு ஒன்று,
பதிவேட்டில் வண்டி எண், நேரம், கையெழுத்து.
அப்போது தடைக்கம்பத்துக்கு மேலே
மஞ்சள் பட்டாம்பூச்சிகள் ஒரு நூறு போய்க்கொண்டிருக்கும்,
எந்தப் பக்கத்திலும் பதியாமல்.

எனக்கு ஓய்வு செவ்வாய்க்கிழமை.
கோட்டைவாசல் தாண்டி இறங்கினால்
ஓடையோரம் ஒரு துண்டுக் காப்புக்காடு.
சீட்டு முப்பது ரூபாய், கேமராவுக்குத் தனி.
என்னிடம் இருப்பது செல்பேசி,
அதன் கண்ணில் கிளிப் போட்டு மாட்டிய குட்டி லென்ஸ்.
வாட்சர் லீலாம்பிகை முதல் நாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இது கண்ணாடியாணு, போய்க்கோ" என்றார்.

இரண்டு விரற்கடை தூரத்தில்தான்
அதற்கு எதுவும் தெளியும்.
நெருங்குவதற்குள் காற்று.
நெருங்குவதற்குள் என் நிழல்.
நெருங்குவதற்குள் கணுக்காலில் அட்டை.
நாற்பது படத்தில் முப்பத்தொன்பது
பூச்சி அப்போதுதான் விட்டுப்போன இலை.

பன்னிரண்டரைக்கு அவர் பொதிச்சோற்றைப் பிரிக்கும்போது
பெயர் தேடுவோம்.
நான் தட்டான் என்பேன், அவர் தும்பி என்பார்,
மழையில் உப்பிய புத்தகம்
இலத்தீனில் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும்.
கொம்பில் எத்தனை கணு,
இறகில் எந்த நரம்பு எங்கே பிரிகிறது,
பின்னங்காலில் முள் உண்டா.
தெரியாவிட்டால் 'பேரினம் வரை'.
அதுவும் தெரியாவிட்டால்
'குடும்பம் வரை' என்று எழுதி நிறுத்திக்கொள்ளலாம்.
அதில் குறைச்சலில்லை என்பார்,
ஊறுகாயை எனக்கும் கொஞ்சம் தள்ளிவிட்டு.
பாதிப் பூச்சிகளை அதற்குக் கீழே யாருக்கும் தெரியாதாம்.

சாவடி டீக்கடையில் அப்படி நிறுத்தமாட்டார்கள்.
எந்த ஊரும்மா?
தென்காசிப் பக்கம்.
பக்கம்னா?
சொல்வேன்.
அங்க எந்தத் தெரு, கோயிலுக்கு இங்கிட்டா, அங்கிட்டா?
அப்பா பேரு?
அப்பாவோட அப்பா?
லென்ஸ் கிட்ட வந்துகொண்டே இருக்கும்.
லாரி வந்துட்டு என்று கிளாஸை வைப்பேன்.
வந்திருக்காது.

போன செவ்வாய்,
கொல்லாமரத்தில் முசுறுகள் இலை தைத்துக்கொண்டிருந்தன.
ஒன்று மட்டும் வரிசையை விட்டு ஒதுங்கி
நின்று நின்று நடந்தது.
அதே செந்நிறம். அதே ஒடுங்கின இடுப்பு.
அதே மாதிரிக் கொம்பை ஆட்டிக்கொண்டு.
பதினொரு படம் எடுத்தேன், ஒன்று விழுந்தது.

லீலாம்பிகை விரலால் பெரிதாக்கினார்.
கால்களை எண்ணினார்.
மறுபடியும் எண்ணினார்.
"கொம்பு கொம்பல்ல. முன்னங்காலாக்கும். எட்டு!
இது உறும்பே அல்ல கேட்டோ, சிலந்தி."
சோற்றுக்கையோடு சிரித்தார்.
"கள்ளி!"

எறும்பைத் தின்னத்தான் உள்ளே புகுந்ததா என்று கேட்டேன்.
"ஏய், அதுக்கு உறும்பைக் கண்டாலே பேடி.
முசுறுன்னு நினைச்சா குருவி கொத்தாது,
குளவி தொடாது. அதுக்குத்தான் இந்த வேஷம்."
பூச்சிக் கணக்கில் சேர்க்க முடியாது, எட்டுக்கால்.
சிலந்திக்கு வேறு நோட்டு,
அது ரேஞ்சர் ஆபீஸ் பீரோவில்.
"ஆதாரம்தானே, படத்தை அனுப்பு" என்றார்.
சிக்னல் இல்லை என்றேன்.
இரண்டு கோடு இருந்தது.

பேருந்துக்கு இன்னும் அரை மணி.
லென்ஸைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு
மரத்தடிக்குத் திரும்பினேன்.
அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல்
செருப்புக்குள் வழுக்கியது.
அங்கேயேதான் இருந்தது,
முசுறுகளுக்கு ஒரு சாண் தள்ளி.
கிட்ட ஒன்று வந்தால் இலைக்கு அடியில் போகும்,
அது போனதும் மேலே வரும்.

வலிக்காதா என்று இருந்தது.
ஹாரன் கேட்கும்வரை பார்த்தேன்.
தூக்கிய காலை
இறக்கவில்லை.