டகரம்

மஞ்சக்குப்பத்தில் மாடிப் போர்ஷன்.
வாடகை குறைவு. ஏன் என்பதைச்
சாவியைக் கையில் வைத்த பிறகுதான்
தெரசம்மாள் சொன்னார்.
ஈசானிய மூலை இல்லையாம்.
"எனக்கு அதெல்லாம் கிடையாதும்மா,
வர்றவங்கதான் பார்க்கறாங்க."

இல்லாத மூலையில்
கூட்டுறவு வங்கி கிளார்க்கின் சமையலறை.
காலை ஏழரைக்கு அவர்கள் தாளிக்கும் கடுகு
எங்கள் வீட்டின் நடுவில் வெடிக்கிறது.

மிச்சம் எங்களுக்கு:
வாசலில் தொடங்கித் தெற்கே நீண்டு
கிழக்கே திரும்பும் ஒரே அறை.
எல் ஷேப் என்றார் புரோக்கர்.
மளிகை ரசீதின் பின்னால் நான் வரைந்ததை
எட்டிப் பார்த்த பூவிழி,
ஒன்றாம் வகுப்பு,
"ட" என்றாள்.

சாமான் வர இரண்டு நாள் இருந்தது.
பழைய நாளிதழ்களில் வீட்டை வெட்டினேன்.
கட்டில் ஆறேகாலுக்கு நாலு.
பீரோ மூன்றுக்கு ஒன்றரை,
அதன் கதவு திறக்கும் வட்டம் சாக்பீஸில்.
தையல் மெஷினுக்கு அரைத்தாள்.
என் முட்டிக்கு இன்னொரு அரைத்தாள்.
ஃபிரிட்ஜை மட்டும் நகர்த்தவே முடியவில்லை,
பிளக் பாயிண்ட் ஒன்றுதான்.

காற்றும் வெளிச்சமும்
கிழக்கு ஜன்னல் ஒன்றின் வழியாகவே வருகின்றன.
ஊசியில் நூல் கோக்க எனக்கு வெளிச்சம் வேண்டும்.
சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவருக்குப்
பகலெல்லாம் இருட்டு வேண்டும்.
மெஷின் தாளை ஜன்னலடியில் வைத்தேன்.
எடுத்தேன்.
மறுபடி வைத்துவிட்டு
யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பினேன்.

காலையில் புவனேந்திரன் வந்தார்.
சட்டையில் அந்தக் கம்பெனி வாசனை.
ஒன்றும் கேட்காமல்
காகிதக் கட்டிலை இழுத்து ஜன்னலடியில் போட்டு
அதன் மேலேயே படுத்தார்.
அளவு சரியாக இருந்தது,
கால் மட்டும் தலையங்கத்துக்கு வெளியே.

பத்து மணிக்குத் தேவனாம்பட்டினக் காற்று உள்ளே வந்து
தன் இஷ்டத்துக்கு எல்லாவற்றையும் மாற்றியது.
பீரோ அவர் காலடியில்.
மெஷின் பாத்ரூம் கதவில் ஒட்டிக்கொண்டது.
முட்டிக்கு வைத்த அரைத்தாள்
மொட்டைமாடியைத் தாண்டிப் போனது.
சாயங்காலம் எழுந்தவர் முதுகில்
மை ஏறியிருந்தது, கண்ணாடி எழுத்தில்:
மனை விற்பனைக்கு.
தேய்த்துக் குளித்தும் 'மனை' போகவில்லை.

மறுநாள் காத்தமுத்து
பீரோவை முதுகில் சுமந்தபடி
"எங்கக்கா?" என்றார்.
வரைபடம் யோசிக்கிற நேரமா அது.
அறை திரும்பும் இடத்தைக்
காலால் காட்டினேன்.

அங்கேயே நிற்கிறது,
கண்ணாடி என் பக்கம்,
முதுகு அவர் பக்கம்.
வெள்ளம் வந்த வருடத்தின் தண்ணீர்
இரண்டு சாண் உயரத்தில் போட்ட துருக்கோடு
அந்த முதுகில் இருக்கிறது.
தினமும் அதைப் பார்த்துத்தான் கண் விழிக்கிறார்.
இப்போது மாடியில் இருக்கிறோம்,
இருந்தாலும் பீரோவுக்கடியில் செங்கல் வைத்திருக்கிறேன்.

யூனிபார்ம் தைத்து மிஞ்சிய நீலத்துணியை ஒட்டி
ஜன்னலுக்குத் திரை போட்டாயிற்று.
நான் வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு
மொட்டைமாடி வெயிலில் தைக்கிறேன்.
கடல்காற்று பீரோ மேல் ஏறிக் குதித்து
மிச்சமாக என்னிடம் வருகிறது.

நேற்று, நாலு மணி.
மெஷின் காலடியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே
பூவிழி சொன்னாள்:
"ட-வுல எந்தத் தமிழ் வார்த்தையும் ஆரம்பிக்காதாம்.
மிஸ் சொன்னாங்க."
மிதிப்பதை நிறுத்தினேன்.
இந்த வீட்டைப் பற்றியா, எழுத்தைப் பற்றியா
என்று ஒரு நொடி புரியவில்லை.

பீரோவுக்கு அந்தப் பக்கமிருந்து,
தூங்குவதாக நாங்கள் நினைத்திருந்த குரல்:
"அப்ப டீ?"

பால் இருக்கிறதா என்று பார்க்க எழுந்தேன்.
மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே
பக்கவாட்டில்தான் போக முடிகிறது.