ஏழும் எட்டும்

ஒரு கல்யாணம் முந்நூறு ஜிகாபைட்.
மணப்பெண் அழுதது மட்டும் பதினாறு.
எல்லாவற்றையும் சேமிப்புப் பெட்டிக்கு அனுப்பிவிட்டு
நான் படுக்கப் போவேன்.
விடிந்து வந்து பார்த்தால்
இன்னும் கேக் வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

பெட்டி இருப்பது சரக்கறையில்,
உப்புநீரில் முட்டைக்கோஸ் ஊறும் பீப்பாய்க்கு மேல்தட்டில்.
என் கணினி முன்னறையில்.
நடுவே பதினான்கு மீட்டர் கேபிள்,
சுவரோரம், புத்தக அலமாரிக்குப் பின்னால்,
யாரும் பார்க்காத வழியில்.

திமிஷ்வாராவில் இந்தக் குளிர்காலம்
எல்லா மாடிப்படியிலும் ஒரே விளம்பரம்:
பத்து கிகாபிட், வீடு வரைக்கும்.
லிஃப்ட்தான் ஓடவில்லை.

கடையில் ஹோரியா மூன்று கார்டுகளைக்
கண்ணாடிமேல் பரப்பினான், சீட்டாடுகிறவன் மாதிரி.
இரண்டரை. ஐந்து. பத்து.
இரண்டரை ஒரு பிஸ்கட் அளவு.
ஐந்தைப் பற்றி அவனுக்கே பெரிய அபிப்பிராயம் இல்லை.
பத்தின் முதுகில் அலுமினியச் சீப்பு,
தொட்டால் சுடும் என்றான், பெருமையாக.
"உங்கள் போர்டில் நீளமான ஸ்லாட் காலியா?"
காலியில்லை. கிராபிக்ஸ் கார்டு
பேருந்தில் இரண்டு சீட்டில் உட்காருகிறவர் போல
அடுத்த ஸ்லாட்டையும் அடைத்துக்கொண்டிருக்கிறது.
மிச்சம் ஒரு குட்டி ஸ்லாட்.
அதில் பத்து நுழையாது.

ஆனாலும் பத்தைத்தான் வாங்கினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
டிராமில் அதை மடியில் வைத்துக்கொண்டு
பெகா ஆற்றுப் பாலத்தைக் கடந்தபோது
கிராபிக்ஸ் கார்டை விற்றுவிடலாம் என்றுகூட
ஒரு கணக்குப் போட்டேன்.

மூன்றாம் மாடி திரயான், டிராம் டெப்போவில் வயரிங் பார்ப்பவர்,
பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
ஆறு நிறையத் தண்ணீர் போனாலும்
நாய் நக்கித்தானே குடிக்கணும் என்கிற பொருளில்
அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார்,
அதில் நாய்க்குப் பதில் பன்றி.
பிறகு கேட்டார்:
"இப்போது எவ்வளவு வருகிறது?"

ஒன்று, என்றேன். ஒரு கிகாபிட்.
பெட்டியில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது.

அச்சடித்ததை அவர் நம்புகிறவர் இல்லை.
கீழே போய் ஒரு சோதனைக் கருவி கொண்டுவந்தார்,
எட்டு பச்சை விளக்குகள்,
எட்டு செப்புக் கம்பிகளுக்கு.
ஒன்று. இரண்டு. மூன்று.
ஒவ்வொன்றாகக் கண் சிமிட்டின.
நான்கு. ஐந்து. ஆறு.
ஏழு இருட்டு.
எட்டு இருட்டு.

"நான்கு கம்பி போதும், நூறுக்கு," என்றார்.
"சண்டை போடாது. சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும்."

நூறு. பத்தில் ஒரு பங்கு.
எத்தனை நாளாக?
பத்து மடங்கு கேட்டுக் கடைக்குப் போனவள் நான்,
வீட்டுக்குள்ளேயே
ஒன்பது பங்கு தொலைந்தது தெரியாமல்.

அலமாரியை நகர்த்தினோம்.
தூசி, ஒரு பேனா மூடி, 
சுவரைத் துளைத்து வந்த ஓர் ஆணியின் முனை,
அது கேபிளின் பழுப்பு ஜோடியைச்
சரியாக நடுவில் குத்தி நின்றது.
சுவருக்கு அந்தப் பக்கம் கூடம்.
அங்கே அந்த ஆணியில் தொங்குவது
என் சான்றிதழ்:
மாவட்ட அளவில் சிறந்த கல்யாணப் படம்,
மூன்றாம் பரிசு.
சுத்தியலும் என்னுடையது,
கையும் என்னுடையது.
திரயான் சிரிக்கவில்லை. அதற்கு நன்றி.

புதுக் கேபிள் ஒரு காபி விலை.
பத்தைத் திருப்பிக் கொடுத்தேன்;
ஹோரியா ரசீதைப் பார்த்தானே தவிர என்னைப் பார்க்கவில்லை.
பிஸ்கட்டை இரண்டாக வாங்கி வந்தேன்,
ஒன்று எனக்கு, ஒன்று பெட்டிக்கு.
குட்டி ஸ்லாட்டில் 'டக்' என்று உட்கார்ந்தது.

நேற்று இரவு ஒரு கல்யாணம் அனுப்பினேன்.
பல் தேய்த்துவிட்டு, அடுப்பைத் துடைத்துவிட்டு
வந்து பார்த்தேன், முடிந்திருந்தது.
கேக், நடனம், அழுகை, எல்லாமே.
இருபது நிமிடம்கூட இல்லை.
தூங்கப் போக ஒரு காரணம் குறைந்தது போல
நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் இருந்தேன்.

சான்றிதழ் இப்போது தரையில், சுவரில் சாய்ந்து.
ஆணி அடிக்க
இன்னும் இடம் பார்க்கவில்லை.