ஒரு விசில்

ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நிற்க
எனக்கு ஆறு மாதம் ஆனது.
புரசைவாக்கம் திருப்பத்தில் இரண்டு முறை
யார் மடியிலோ விழுந்தபின் தெரிந்தது:
முழங்கால் விறைத்தால் விழுவாய்.
கொஞ்சம் தளர்த்தி வைத்தால்
தரை தானாக உன்னைத் தேடி வரும்.

மற்றது இன்னும் கைவரவில்லை.

இரண்டாயிரத்துப் பதினொன்று, ஆடி வெள்ளி, ஓட்டேரி.
படியில் தொங்கிய பையனை
உள்ளே இழுத்து அறைந்தேன்.
கழுத்தில் அட்டை புரண்டு நின்றது:
இம்மானுவேல், பதினொன்று பி.
'அவன் நல்லதுக்குத்தான்' என்றது பேருந்து.
நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன்,
மதியச் சோறு வரை.
அதற்குப் பிறகு அவன் என் வண்டியில் ஏறவில்லை.
அந்தச் சத்தம் மட்டும்
தினமும் டிக்கெட் வாங்காமல் வருகிறது.

உடனே சத்தியம் ஏதோ செய்துவிட்டேன் என்று
நினைத்துவிட வேண்டாம்.
"சில்லறை தர வக்கில்ல, நீயெல்லாம் கண்டக்டரா?"
என்பவனுக்கான பதில் நாக்கில் வந்து நிற்கும்போது
பைக்குள் கைவிட்டு
ஒற்றை ரூபாய்களை எண்ணுவேன்.
பதினேழு, பதினெட்டு.
சில நாள் முப்பதைத் தாண்டும்.
சில நாள் எண்ணுமுன்பே வாய் முந்திக்கொள்ளும்,
அன்றைக்கு ராத்திரி கணக்கும் உதைக்கும்.
விட்டுவிட்ட பதில்களை எல்லாம்
படுத்தபடி அழகாகச் சொல்லிப் பார்ப்பேன்.
"யாரோட சண்டை?" என்பாள் தேன்மொழி,
திரும்பிப் படுத்துக்கொண்டே.

போன செவ்வாய், சாயங்காலம், ஜெமினி.
குப்பை வண்டி வேலை முடித்துக் குணசுந்தரி ஏறினாள்.
ஜன்னலோர இருக்கை ஒன்றுதான் காலி.
பக்கத்தில் இருந்தவன் மூக்கைப் பொத்தினான்.
"ஓசில வர்றதுக்கு சீட்டு வேற கேக்குதா?"
அவள் உட்காருமுன்பே எழப் பார்த்தாள்.

கை பைக்குள் போனது.
அன்றைக்கு எண்ணியிருந்தால்
ஒளிந்துகொண்டதாகத்தான் ஆகியிருக்கும்.
ஒரு விசில் கொடுத்தேன்.

மாசிலாமணி வண்டியை ஓரம் கட்டினார்.
அவன் முன்னால் போய் நின்றேன்.
"அவங்க கையில இருக்கறதும் டிக்கெட்டுதான் சார்.
ஒரு சாரி சொல்லுங்க, வண்டி கிளம்பும்."
பின்னாலிருந்து ஒருவர்,
"யோவ், ஆபீஸ் முடிஞ்சு வர்றோம்யா."
இன்னொருவர் என் அம்மாவைப் பற்றி ஏதோ.
என் காக்கிச் சட்டைப் பட்டன் ஒன்று
அவன் விரலோடு போனது.
முழங்காலைத் தளர்த்தி வைத்தேன்.
நின்ற வண்டியில் நிற்கத்தான்
அதிகத் தெம்பு வேண்டியிருக்கிறது.

சிக்னல் மூன்று முறை மாறியது.

அவன் மன்னிப்புக் கேட்கவில்லை.
இறங்கி, ஆட்டோவுக்குக் கை காட்டினான்.
குணசுந்தரி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.
நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை.
"லேட்டாச்சு, தண்ணி லாரி போயிருக்கும்" என்றாள்
ஜன்னலிடம்.

இரண்டு விசில்.

மந்தைவெளி வரை கை நடுங்கிக்கொண்டிருந்தது.
அடையாறு கேட்ட ஒருவருக்கு
மெஷினை இரண்டு முறை அழுத்திவிட்டேன்.
கூடுதலாக வந்ததற்கு என் காசைப் போட்டு
மேல் பையில் மடித்து வைத்தேன்.
இருக்கட்டும்.
ஓட்டேரியில் ஏறி
இத்தனை வருஷமாக இறங்காமல் வருகிறவனுக்கு.