முப்பதுக்கு ஒரு தங்லோங்

கடை ஏழரைக்கு மூடும்.
தௌக்கே லிம் சாவியை என் பக்கம் தள்ளி
"கரண்டு பில் பாத்துக்கோ" என்று
அரைத் தமிழில் சொல்லிப் போவார்.
பகாவில் ஓடும் பாதி லோரிகளின் எண்பலகை
இந்த லேசர் பெட்டியில் வெட்டியதுதான்.
இன்றிரவு அதற்குத் தாள்.

வரைபடம் எளிது.
பன்னிரண்டு முகம்,
விளிம்புக்கு ஒரு நாக்கு, நாக்குக்கு ஒரு பிளவு.
சிவப்புக் கோடு வெட்டும்.
நீலக் கோடு மடிக்க மட்டும் கீறும்.
திரையில் எல்லாம் கச்சிதம்.
மேசையில் நாக்குகள் பிளவுக்குள் ஆடின:
ஒளியும் ஒரு முடி அகலம் தின்கிறது,
அதைக் கணக்கில் சேர்க்க மறந்திருந்தேன்.
சேர்த்தேன்.
அதற்குள் மழை வந்து தாள் ஊறி உப்பி
இப்போது நாக்கு நுழையவே இல்லை.

மூன்றாவது கூடு நின்றது.
பெயர் மட்டும் பாக்கி.

பிள்ளைக்கு இருபத்தெட்டு நாள்.
புனிதமலருக்குக் குழலி.
எனக்கு மகிழ்விழி.
மச்சான் சிரம்பானில் எண்கணிதக்காரரிடம்
ஐம்பது வெள்ளி கொடுத்து வாங்கி வந்தது ஒன்று,
அதை இங்கே எழுத மாட்டேன்.

முதலில் அவள் பெயரைத்தான் கொடுத்தேன், சத்தியமாக.
ஒளி சுற்றி வந்து தொட்ட இடத்தில் சேர்ந்ததும்
க-வின் வயிறு கழன்று விழுந்தது.
ழ-வின் சுழி விழுந்தது.
ல-வின் கண் விழுந்தது.
புகை உறிஞ்சும் காற்றாடி அவற்றை இழுத்துப் போய்
மூலையில் ஒட்டியது, மீன் செதில் போல.
படம் எடுத்து அனுப்பினேன்.

"எம் மக பேர எலி தின்ன மாதிரி இருக்கு.
ஒன்னோடத போட்டுப் பாரு."

என்னுடையது இன்னும் மோசம்.

பாலம் போடலாம் என்றேன்.
சுழிக்குள் இருப்பதைக் கரையோடு
மெல்லிய பட்டையால் பிடித்து வைக்கலாம்,
அரிசி மூட்டைக்கு மை தடவும் தகடெல்லாம் அப்படித்தான்.
போட்டும் காட்டினேன்.
"இது ழ இல்ல.
பல்லுக்குக் கம்பி கட்டுன ம."

பத்தரை.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று
கடைமுன் குழியில் குதித்துப் போனது.
நெடுங்கணக்கு முழுவதையும் திரையில் பரப்பி
எது விழும், எது நிற்கும் என்று பிரித்தேன்,
முப்பத்திரண்டு வயதில் மறுபடி அரிச்சுவடி.
ட நிற்கும். ப நிற்கும்.
ய, ர நிற்கும். துணைக்கால் நிற்கும்.
புள்ளிக்குப் பயமில்லை, அது பிறந்ததே பொத்தலாக.
இந்தச் சொத்தை வைத்துக்கொண்டு
என்ன பெயர் வைப்பது?
டப்பா.

தனியாகச் சிரித்தேன்.
அவளுக்கும் அனுப்பினேன்: பெயர் கிடைத்துவிட்டது.

பார்த்ததற்கு இரண்டு நீலக் குறி.
பதில் இல்லை.
வெகுநேரம் கழித்து ஒரு குரல்பதிவு, ஏழு நொடி.
ஐந்து நொடி அழுகை, பிள்ளையுடையது.
பிறகு தூக்கம் கலைந்த குரல்:
"ஆச்சு பாப்பா, ஆச்சு ஆச்சு, பாப்பா"
என்னிடம் சொன்னதல்ல.
விரல் தவறி அழுத்தியிருக்கிறாள்.

ப. துணைக்கால். புள்ளி வைத்த ப்.
ப. துணைக்கால்.
இன்னொரு தரம் பார்த்தேன்.
எங்கும் வளையம் இல்லை.

மூடியைத் திறந்தபோது
எழுத்துகள் முழுசு முழுசாகக் கீழே கிடந்தன,
தாளில் அவற்றின் இடம் சிதையாமல்.
கருகிய ஓரத்தில் சீனி காய்ச்சிய வாசம்.
மடித்தேன். நாக்கு பிளவில் டக்கென்றது.
கைபேசி வெளிச்சத்தை உள்ளே வைத்துக்
கடை விளக்கை அணைத்தேன்.
மாதிரி எண்பலகைகளின் மேல், கூரையில்,
தௌக்கேயின் நாட்காட்டியில்
பாப்பா பாப்பா பாப்பா,
கொஞ்சம் வளைந்து.

முப்பது கும்பிட இன்னும் இரண்டு நாள்.
சண்டை போட நேரம் இருக்கிறது.

கூட்டும்போது மூலைச் செதில்களைக்
குப்பையில் கொட்ட வரவில்லை,
சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
எது வயிறு, எது சுழி, எது கண்
என்று இனி எவரும் சொல்ல முடியாது.
கரண்டு மூன்று மணி நேரம் என்று
சீட்டில் எழுதி வைத்துவிட்டுக் கதவை இழுத்தேன்.